மலைக்கு இல்ல, நைனாவுக்கு

நைனா,

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் உன் வாசனை வந்தது. சந்தனம். முழுசாகக் காயாத சந்தனமும், அதற்கு அடியில் பிளேடு பட்ட தோலின் வாசனையும். பக்கத்து சீட்டில், ஜன்னல் ஓரமாக ஒரு அக்கா. புதுசாக மழித்த தலை, மடியில் லட்டுப் பை. மார்கழிக் கூட்டம் என்பதால் பஸ்ஸில் பாதித் தலைகள் மஞ்சளாகத்தான் இருந்தன. இந்தப் பக்கத்தில் அதை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த அக்காதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முடி இப்போது கழுத்துவரை வந்து நிற்கிறது. கட்டவும் வராது, பின்னவும் வராது.

"மலைக்கு குடுத்து எத்தினி மாசம் ஆவுதும்மா?"

"மலைக்கு இல்லக்கா. எங்க நைனாவுக்கு."

"இன்னாது?"

"எங்க நைனா செத்துட்டாரு. அதுக்கு நான் மொட்டை போட்டுக்கினேன்."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு லட்டுப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைவிடப் பெரிய முகத்திருப்பல்களை எல்லாம் இந்த ஒரு வருஷத்தில் பார்த்தாயிற்று.

நேற்று உனக்கு முதல் தெவசம். உனக்கு எள்ளும் தண்ணீரும் விட யார் உட்கார்ந்தது என்று சொல்லத்தான் இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முடிவை இப்போதே சொல்ல மாட்டேன். மேட்ச் பார்க்காமல் நீ தூங்கிப்போன நாட்களில், காலையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வருவாயே, "ஸ்கோர் சொல்லாத, மொதல்ல இருந்து சொல்லு" என்று. அப்படியே முதலில் இருந்து வருகிறேன்.

முதல் என்றால் அந்தச் சொம்பு. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பிச்சாட்டூர் வீட்டில் தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஜெர்மனியில் நடக்கும் பெண்கள் ஃபுட்பால் மேட்ச் ஒன்றை லைவில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி அங்கே போய் விழுந்திருந்தேன். விழுந்தது விழுந்ததுதான். ஒரு சின்ன ஊரின் டீம். பாயின்ட் டேபிளில் எப்போது பார்த்தாலும் கடைசிக்கு முந்தின இடம். அதனாலேயே அவர்களை விட்டுவர மனசு வரவில்லை. மாங்காய் சீசன் முடிந்து, நீ மாம்பழக் கூழ் காய்ச்சும் சித்தூர் பல்ப் ஃபேக்டரியில் பாயிலர் அணைந்தால் அடுத்த சீசன்வரை நீ வீட்டில்தான் இருப்பாய். அன்றைக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் குந்தினாய். திரையில் கோல் கீப்பர். நெட்டையான பெண், ஒட்ட வெட்டிய முடி.

"இந்த பொண்ணு மலைக்கு போய்ட்டு வந்தாளா?"

"அங்க ஏது நைனா நம்ம மலை?"

"பின்ன தலையில ஏன் முடி இல்ல?"

"அவ தலை, அவ இஷ்டம்."

"இஷ்டத்துக்கா?" என்றாய். அதை நீ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த நேரத்தில் எதிர் டீம் ஒரு கோல் போட்டுவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அந்தக் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எறிந்துவிட்டு, கையுறையைத் தட்டிக்கொண்டு, முன்பு நின்ற அதே இடத்தில் வந்து நின்றாள்.

"பாரு, கோல் வுட்டும் நின்ன எடத்துலயே வந்து நிக்கிறா!"

அன்றிலிருந்து அவள் உனக்கு 'நெட்டச்சி'. அவளுடைய உண்மையான பெயரைச் சொல்லச் சொன்னால் உன் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நம் வீட்டில் அவளுக்கென்று ஒரு டீ நேரமே இருந்தது. பந்து அவள் பக்கம் வந்தால் நீ முட்டி போட்டுக்கொண்டு "புடி! வுடாத! அம்மாடி, புடி!" என்று கத்துவாய். எதிர்வீட்டிலிருந்து பெரியப்பா, "தகப்பனும் பொண்ணும் லூசு புடிச்சி கத்திக்கினு கெடக்குதுங்க" என்பார். பெரியப்பாவுக்கு நீ தம்பி. தம்பி எதைச் செய்தாலும் அதற்கு ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பது அவருக்குப் பிறவிக் கடமை.

கமெண்டரி புரிய வேண்டும் என்பதற்காகவே ஜெர்மன் கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. இலவச ஆப், லைவ் சாட்டில் ரசிகர்கள் போடும் சண்டை, நானே நடத்திய ரசிகர் பக்கம், இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். திருப்பதியில் காலேஜ் சேர்ந்து, எக்ஸ்சேஞ்ச் மாணவியாக ஒரு வருஷம் ஜெர்மனியில் படிக்கலாம் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்த அன்று அங்கேயே கத்திவிட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். இடம் கிடைத்தது. விசா மட்டும் இழுத்தடித்தது. ஒருவழியாக அது வந்த நாளில் நான் வீடு முழுக்கக் குதித்தேன். நீ குதிக்கவில்லை. தொண்டையைச் செருமினாய்.

"விசா வந்தா உன் முடிய மலைக்கு குடுக்கறேன்னு வேண்டிக்கினேன்."

"யாரு முடிய?"

"உன்னுதத் தான்."

"தலை யாருது நைனா?"

"உன்னுது."

"என்ன கேட்டியா?"

"சாமிகிட்ட பேசிக்கினு இருக்கசொல்லோ நீ பக்கத்துல இல்லியே."

"கான்ஃபரன்ஸ் கால் போட்டிருக்கலாம் இல்ல?"

அம்மா கரண்டியோடு வந்து, "சாமி விசயத்துல இன்னாடி வாயி உனக்கு?" என்றாள். பெரியப்பா வாசலில் நின்று, "மலைக்கு சொன்னத குடுக்காத போனா பிளேனு மேல ஏறுமாடா?" என்று கேட்டார். நான் முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் முடியாதுதான். அது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, நீயும் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். முடி கொடுப்பதில் எனக்கு என்ன வெறுப்பு? கண்ணில் தண்ணீரோடு கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். என்னைக் கேட்காமல் என் தலையைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாயே, சண்டை அதற்குத்தான்.

கொஞ்ச நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. மேட்ச் அன்றைக்குக்கூட நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும், நடுவில் சொம்பு. இடைவேளையில் நீயே ஆரம்பித்தாய்.

"இது என் தலை. குடுக்கட்டுமா?"

"அதுக்கு என்ன ஏன் கேக்கற?"

"கேக்கணும்னு நீ தான சொன்ன."

"உன் தலை, உன் இஷ்டம்."

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மலைக்குப் போய்விட்டு வந்தாய். நேர்ந்தது ஒரு தலை, கொடுத்தது இன்னொரு தலை, சாமி ஒன்றும் கேட்கவில்லையா என்று கிண்டல் செய்தேன். "கேட்டாரு. பொண்ணு ஒத்துக்கலன்னேன். அப்ப பெத்தவன் நீ இருக்கியே, உன்னுத குடுன்னுட்டாரு" என்றாய். சென்னை ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிக்கொண்டபோது உன் தலைச் சந்தனம் என் புது ஜாக்கெட்டின் காலரில் அப்பிக்கொண்டது. பெரியப்பா அங்கேயும் வந்திருந்தார். "பொம்பள புள்ளய தனியா அனுப்பறியே, அங்க யார்ரா பாத்துக்குவாங்க?" என்று கேட்டதற்கு நீ யோசிக்கவே இல்லை.

"நெட்டச்சி இருக்கா இல்ல?"

உன்னை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

அங்கே போன புதிதில் என் நிலைமையை உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மேட்ச் கமெண்டரி கேட்டுக் கற்றவள் அல்லவா, சோறு துன்னுவதைப் பற்றிக்கூடக் கமெண்டரியாகத்தான் பேச வந்தது. ஒரே வீட்டில் தங்கியிருந்த யூலியா, தான் வைத்த சூப் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "முதல் பாதியில் தடுமாற்றம், போகப் போக ஆட்டத்தைக் கைக்குள் கொண்டுவருகிறது!" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. ஆனால் வகுப்பில் அது செல்லவில்லை. அங்கே எல்லோரும் ஆசிரியரை மடக்கிக் கேள்வி கேட்கிறார்கள், அவர் தலையாட்டி ரசிக்கிறார். "இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்ல எந்த கமெண்டரியும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. வாரக்கணக்கில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் துணிந்து வாயைத் திறந்து, பாதி வாக்கியத்தில் இலக்கணம் கவிழ்ந்து, காது சிவந்து உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் போன் செய்து, திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுதேன்.

"கோல் வுட்டுட்டியா?"

"ஆமா."

"வுட்டா இன்னா? நின்ன எடத்துல போயி நில்லு. அடுத்த பால் வரும்."

போய் நின்றேன் நைனா. அடுத்த வாரம் அதே வகுப்பில் அதே வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். ஆசிரியர் எதிர்வாதம் செய்தார். நானும் செய்தேன். நம் வீட்டில் சாமியின் கணக்கையே எதிர்த்துப் பேசினவளுக்கு இது எம்மாத்திரம் என்று அப்புறம்தான் உறைத்தது.

கடையில் மாம்பழ ஜூஸ் பாட்டிலைப் பார்த்து உனக்குப் படம் அனுப்பினேன். "நம்ம சரக்கு தான். கலர பாரு" என்று குரல் பதிவு அனுப்பினாய். பாட்டிலில் இந்தியா என்று மட்டும்தான் போட்டிருந்தது. உனக்கு அது போதும். அந்த வாரம் முழுக்க, "எம் பொண்ணு அங்க குடிக்கிறது நான் காச்சின பல்ப்பு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததாக அம்மா சொன்னாள். அதுதான் உன் கடைசி வாரம்.

மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து குந்தினவர் எழுந்திருக்கவில்லை என்று அம்மா போனில் சொன்னபோது நான் காலேஜ் நடையில் நின்றுகொண்டிருந்தேன். உடனே டிக்கெட் பார்க்கிறேன் என்றேன். அம்மா அழுகையை நிறுத்தினாள். குரலே மாறிவிட்டது.

"வராத. எப்படி வந்தாலும் நெருப்பு வைக்கறதுக்குள்ள வந்து சேர மாட்ட. வந்துட்டா மறுபடி போவ மாட்ட. உங்க பெரியப்பா அனுப்ப மாட்டாரு. வருஷத்த முடிச்சிட்டு வா."

பெரியப்பா மகன், என் அண்ணன், உனக்குக் கொள்ளி வைத்தான். அவன்தான் மொட்டையும் போட்டுக்கொண்டான். அது அவன் தப்பில்லை. ஆம்பளைப் பிள்ளை இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பையன் செய்வதுதான் நம் வழக்கம். வீடியோவில் அவன் தலையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. நீ பெற்றது என்னை. தலை மட்டும் அவனுடையதா?

யூலியாவிடம் ட்ரிம்மர் கேட்டேன். குளியலறைக் கண்ணாடியின் முன்னால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். காலரில் உன் சந்தனக் கறை காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடியைப் பார்த்து, தமிழில், சத்தமாகவே கேட்டேன்: "இது என் தலை. குடுக்கட்டுமா?"

நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். நான் கேட்டேன், நீ சொல்லவில்லை. நானே இழுத்துவிட்டேன், நெற்றியிலிருந்து பின்னால். பின்பக்கம் எட்டாமல் திணறியபோது யூலியா வந்து வாங்கிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

அந்த ஊரில் யாருமே எதுவும் கேட்கவில்லை, அதுதான் கூத்து. மறுநாளிலிருந்து டிராமில் எனக்கு இடம் கொடுத்தார்கள். கதவுக்கு வெளியே சூப் வந்தது. கீழ்வீட்டு அம்மாள் ஒரு கம்பளிக் குல்லா பின்னிக் கொடுத்துக் கன்னத்தைத் தடவினார். கடைசியில் ஆசிரியர், உடம்பு ஒத்துழைக்காவிட்டால் கட்டுரையைத் தாமதமாகத் தரலாம் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் விளங்கியது. எனக்குக் கேன்சர் என்று ஒரு ஊரே முடிவு செய்திருந்தது! நெட்டச்சியைப் பார்த்து நீ மலைக்குப் போய்வந்தாளா என்று கேட்டாய். என்னைப் பார்த்து இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாளா என்று நினைத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் இந்த ஒரு கதையை வைத்தே ஒரு சீசனை ஓட்டியிருப்பாய்.

"எனக்கு நோய் இல்லை. என் அப்பா இறந்துவிட்டார்" என்றேன் ஆசிரியரிடம். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லவில்லை. உங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் இப்படிச் செய்வார்களா என்று கேட்டார். யாரும் செய்வதில்லை என்றேன். "அப்படியானால் நீ ஏன் செய்தாய்?" என்றார்.

"நான்தான் அவருடைய பிள்ளை."

இலக்கணம் கவிழவில்லை, நைனா. ஒரு எழுத்துகூட.

அந்த சனிக்கிழமை நெட்டச்சி ஊர் ஸ்டேடியத்துக்குப் போனேன். குல்லா போடாமல் போனேன். கோலுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டாண்டில் நின்று, பந்து நெட்டச்சியிடம் வந்தபோதெல்லாம் "புடி! வுடாத!" என்று உன் குரலில் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் புரியாமலே சேர்ந்து கத்தினார்கள். 'வுடாத' அவர்கள் வாயில் 'ஃபுடாத' ஆனது. தோற்றோம். அவள் நின்ன எடத்துலயே நின்றாள்.

அம்மா என் தலையை வீடியோ காலில் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டாள். திருப்பியபோது, "துணி போட்டு மூடுடி! நாளைக்கு எவன் உன்ன கட்டுவான்?" என்றாள். நாலைந்து நாளில் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். "மலைக்கு வேண்டுதல்னு ஊர்ல சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லு." ஊரும் நம்பிவிட்டது. படிப்பு முடிந்து நான் வந்து இறங்கியபோது தெருவே கோவிந்தா போட்டது. "ஜெர்மனில இருந்துக்கினே சாமிக்கு முடி எடுத்தாளாம்!" என்று என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு வருஷம் வெளிநாட்டில் தன்னந்தனியாக நின்று வந்தவளுக்குக் கிடைத்த பட்டம் பக்தை. அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. இங்கே கேட்கிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். அம்மா முகத்துக்காக அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் பெரியப்பா தெவசம் பற்றிப் பேச வந்தார். நாற்காலியில் உட்காரும்போதே முடிவோடுதான் உட்கார்ந்தார்.

"எம் பையன் உக்காருவான். நெருப்பு வச்சவன் அவன். தலைய குடுத்தவன் அவன்."

"நானும் தலைய குடுத்தேன் பெரியப்பா."

"நீ குடுத்தது மலைக்கும்மா. அது வேற."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் எங்கே கொண்டுபோய் விட்டது பார்த்தாயா? மொட்டை போட்டவன்தான் உனக்குத் தண்ணீர் விடலாம். நானும் போட்டேன். ஆனால் ஊர்க் கணக்கில் என் தலை உன்னிடம் வரவில்லை, மலைக்குப் போய்விட்டது.

"மலைக்கு இல்ல, நைனாவுக்கு" என்றேன்.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"பொம்பள புள்ள சாவுக்கு மொட்டை போடறதா? எங்கனா கீதா?"

"மலையில தினம் எத்தினி பொம்பளைங்க போடறாங்க? சாமிக்கு போட்டா கோவிந்தான்றீங்க, பெத்தவருக்கு போட்டா எங்கனா கீதான்றீங்க. அதே தலை, அதே பிளேடு தான?"

"தகப்பன் சாவுக்கு வராதவ சட்டம் பேச வந்துட்டா."

"வந்திருந்தா திரும்ப அனுப்பி இருப்பீங்களா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாக்கலாம், அன்னிக்கு யாரு உக்கார்றான்னு" என்று போய்விட்டார். அம்மா அப்போதும் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. அதுதான் பெரியப்பாவின் பேச்சைவிட எனக்கு வலித்தது.

நேற்றுக் காலை நம் ஊர் டேம் கரை. பனி விலகவில்லை. நானும் முழுகினேன், அண்ணனும் முழுகினான். இரண்டு பேரும் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றோம். ஐயர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து இலை, எள், தர்ப்பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கர்த்தா எவரண்டி?"

செய்யப் போகிறவர் யார் என்று கேட்கிறார். பெரியப்பா அண்ணனின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மா அம்மாயே, சாமி."

எங்க பொண்ணுதான் என்றாள் அம்மா. ஐயரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு, உறவுக் கூட்டத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள்.

"மலைக்குன்னு சொன்னது நான். பொய். ஊருக்கு பயந்துக்கினு சொன்னேன். அவ எடுத்தது அவங்க நைனாவுக்கு. சாவுக்கு வராதன்னு சொன்னதும் நான் தான். யாருக்கு இன்னா கேக்கணுமோ என்ன கேளுங்க."

பெரியப்பா ஐயரிடம், "பொண்ணு உக்காரலாமா சாமி, சாத்திரம் ஒத்துக்குமா?" என்றார். ஐயர் போனில் மணியைப் பார்த்தார்.

"நாராயணவனத்துல இன்னொரு வூட்ல காத்துக்கினு இருக்காங்க. பெத்த புள்ள உக்கார்றேன்னுது, அப்புறம் இன்னா? சீக்கிரம் குந்தும்மா."

"எனக்கும் செகண்ட் ஷிஃப்ட்டு இருக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் எள்ளுத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

ஐயர் இறந்தவர் பெயரைச் சொல்லச் சொன்னார். முதல் தடவை எனக்குக் குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்றார். அவ்வளவுதான், கமெண்டரிக் குரல் வந்துவிட்டது. உன் பெயரை நான் சொன்னது டேமின் அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும். கொக்குகள் எழுந்து பறந்தன. பெரியப்பா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். சிரிக்கவில்லை என்று சாதிப்பார்.

இதுதான் நைனா ஸ்கோர்.

இப்போது சித்தூரில் ஒரு மாம்பழ ஏற்றுமதி ஆபீஸுக்கு இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறேன். ஜெர்மனிக்குப் பல்ப் அனுப்புகிறார்கள், அந்த ஊர் பாஷையில் எழுத ஆள் வேண்டுமாம். பையில் சர்டிஃபிகேட்டுகளுக்கு அடியில் உன் சொம்பு இருக்கிறது. நேற்றே அம்மாவைக் கேட்டு எடுத்துக்கொண்டேன். வேலை கிடைத்தால், ஹாஸ்டலில் போனைச் சாய்த்து வைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை.

சந்திரகிரி தாண்டியதும் ஜன்னல் ஓரத்து அக்கா திரும்பினார்.

"எங்கம்மா படுத்த படுக்கையா கீது. அதுக்கு ஒடம்பு தேறணும்னு தான் முடி குடுத்துட்டு வரேன்" என்றார். பிறகு, "ஆம்பள புள்ள இல்ல. எனக்கு கொள்ளி போட யாருமில்லன்னு அது தினம் அழுவும். நான் பக்கத்துல குந்திக்கினு தான் இருப்பேன், என் மூஞ்சிய பாத்து அழுவும்."

அவர் லட்டுப் பையைப் பிரித்து, ஒன்றை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தார். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். விரலில் சந்தனம் ஒட்டியது.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, சாமி பாத்துக்கும். ஆனா என்னிக்கோ ஒருநாளு... உன்ன மாதிரி நானும் போடலாமா பாப்பா?"

உன்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்.

"உங்க தலைக்கா. உங்க இஷ்டம்."